ஏதோ பாப்பேங்கய்யா

துபாய்க்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது இந்த ஊர் வெயில் இல்லை. வெயில் நம்ம திருச்சுழிப் பக்கமும் வேண்டிய மட்டும் உண்டு. இங்கே எவனைக் கேட்டாலும் தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான், அதுதான். கேம்ப்பில் டீ போடுகிறவன் டம்ளரை நீட்டும்போதே "நம்பர் ஒன் டீ" என்பான். குடித்துவிட்டு நானல்லவா அதைச் சொல்ல வேண்டும்? இத்தனை வருஷமாகியும் அந்த டீயை வாங்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

நான் எலக்ட்ரீஷியன். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேன் என்பதால், கம்பெனி ஆள் எடுக்க மதுரைக்கு வரும்போதெல்லாம் மொழிபெயர்க்க என்னையும் கூட்டி வரும். அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், நலம் விசாரிக்கும் முன்னே "இப்ப எந்த வேலைக்கு எடுக்காக?" என்பார்கள். ஒரு வருஷம் கொத்தனார் என்பேன். மறு வருஷம் கொத்தனார் போதுமாம், ஏ.சி. மெக்கானிக் என்பேன். அதற்குள் பாதிப் பேர் கொத்துக்கரண்டி பிடிக்கப் பழகியிருப்பார்கள். பாவமாக இருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போனது.

வெல்டர் எடுத்த வருஷம் என் தங்கச்சி மாப்பிள்ளை செல்வராஜ் வந்தார். பாளையம்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். மழை பொய்த்ததில் உழவு இல்லை. உடைந்த கலப்பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வர ஆளும் இல்லை. இந்த வேலை கிடைத்தால்தான் தங்கச்சி வீட்டில் அடுப்பு எரியும். மதுரையில் ஆள் எடுக்கும் ஹோட்டல் மாடிப்படியில் நிறுத்தி, "மாப்ள, நிமிந்து பாத்து, நல்லாத் தெரியும்னு சொல்லிருங்க" என்றேன்.

"நாமளே எப்படி மச்சான் சொல்லிக்கிறது? வேலையப் பாத்து அவுகல்ல சொல்லணும்."

உள்ளே எகிப்துக்கார மேனேஜர், "நல்ல வெல்டரா?" என்று கேட்டார். செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ பாப்பேங்கய்யா" என்றார். எங்கள் பக்கம் கைதேர்ந்தவன் சொல்கிற பதில் அது. எந்த வேலையையும் பிசிறில்லாமல் முடிப்பார் என்று நான் இங்கிலீஷில் விரித்துச் சொன்னேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "அவன் சொன்னது ரெண்டு வார்த்தை. வேலை தெரிந்தவன் ஏன் கீழே பார்க்கிறான்?" டெஸ்ட்டுக்குக்கூட அனுப்பவில்லை. அடுத்து வந்தவன் "நம்பர் ஒன் சார்" என்றான், எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் மேனேஜர் மேலா, மாப்பிள்ளை மேலா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "என்னால உங்களுக்குத்தான் சங்கட்டம் மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். அன்றிலிருந்து என் சம்பளம் ரெண்டு வீட்டுக்கானது.

அடுத்த லீவில் தங்கச்சி வீட்டுக் காதுகுத்தில் மைக்செட் நின்றுபோனது. "உங்களுக்குப் பாக்கத் தெரியுமா?" என்று யாரோ கேட்டார்கள். "நல்லாத் தெரியும்" என்றேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. "அவுக துபாய்க்காரகல்ல" என்று ஒரு சித்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செல்வராஜ் மட்டும் சிரிக்காமல் டெஸ்டரை எடுத்து வந்து கொடுத்தார். பாட்டு திரும்பக் கேட்டது. நல்லாப் பாத்தீக என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

வளைகுடாச் சண்டைக்குப் பிறகு கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். போன வாரம் என் முறை வந்தது. அதே மேனேஜர். "உன்னை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? நீ நல்ல எலக்ட்ரீஷியனா?" எத்தனையோ பேரை மாடிப்படியில் நிறுத்தி நான் சொல்லிக்கொடுத்த பதில்தான். ரெண்டு வீட்டு அடுப்பும் கண்முன் வந்தன. வாயைத் திறந்தேன். தலை தானாகக் கீழே போனது. "ஏதோ பாப்பேன் சார்" என்றேன், தமிழிலேயே.

மேனேஜர் பழக்க தோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். மதுரையில் அது நான் உட்காரும் இடம். இங்கே காலியாகக் கிடந்தது.