எதிரணிக்குக் கைதட்டும் பக்கம்

நான் தென்னாப்பிரிக்கன் என்று சொன்னதும் தோத்தோ மோவாயை மேலே தூக்கி, நாக்கை ‘ச்’ என்று ஒரு முறை சொடுக்கினார். சிசிலியில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். வாயைத் திறந்து மறுக்கும் அளவுக்குப் பெரிதல்லாத விஷயங்களுக்கான மறுப்பு அது. ஒரேத்தோ வீதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழேதான் அவருடைய காப்பிக்கடை. இந்தத் தெருவில் என் நிறத்தில் இரண்டு வகை மனிதர்களை அவருக்குத் தெரியும்: இலங்கைக்காரர், மொரீஷியஸ்காரர். இருவரும் மேல்மாடிகளில் இருக்கும் சிஞ்ஞோராக்களின், அதாவது சீமாட்டிகளின், வீடுகளைத் துடைப்பவர்கள், அவர்களுடைய வயதான கணவர்களைக் குளிப்பாட்டுபவர்கள். “நீங்கள் ஸ்ரீலங்கா” என்றார், மறதிக்காரனுக்கு அவனுடைய ஊரை நினைவூட்டுகிற அன்போடு. பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அது நாங்கள் இங்கே வந்த புதிதில். பிறகு நான் வற்புறுத்தவில்லை. தமிழர்களிடையே வேறு கதை. ஞாயிறுகளில் கிரிக்கெட் ஆடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் என்னை ‘ஆபிரிக்கா அண்ணை’ என்கிறார்கள். என் மனைவி வசந்தி வழியாகத்தான் நான் அவர்களுக்கு உறவு. நான் பிறந்து வளர்ந்த டர்பனில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தவளை நான் கட்டிக்கொண்டேன். நான் வேலை பார்த்த பத்திரிகை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது, அவளுடைய அக்கா இருந்த பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தோம். அவள் ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் துறைமுகத்தில், சுற்றுலாக் கப்பல்களில் வந்து இறங்குகிறவர்களிடம் எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன். டர்பன் தமிழ்ப் பள்ளியின் மாலை வகுப்பில் எழுத்தைக் கற்றேன். பேச்சை வசந்தி திருத்தினாள். இன்னும் திருத்துகிறாள். போக்குவரத்து விளக்கை நான் ‘ரோபோ’ என்று சொல்வதை மட்டும் அவளால் திருத்த முடியவில்லை. எங்கள் நாட்டில் அதற்கு அதுதான் பெயர். எங்கள் மகள் சாருஜாவுக்குப் பன்னிரண்டு வயது. நான் ‘ரோபோ’ என்று சொல்லும்போதெல்லாம் அவளும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன வருடம் டியோன் வந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்துப் படகுப் பட்டறையில் பாய்மரப் பாய் தைக்கிறவன், முப்பது வயது, சிவந்த கழுத்து, காலணி போடாமல் கடைக்குள் வருகிறவன். என் நாட்டின் உட்பகுதியில், ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவன். முதல் நாள் அவன் வாயைத் திறந்து ஒரு காப்பி கேட்டு, எந்த நாட்டிலிருந்து வருகிறான் என்று சொன்னதும் தோத்தோ கைகளை அகல விரித்தார். சிங்கங்களைப் பற்றிக் கேட்டார். மலையைப் பற்றிக் கேட்டார். பத்து வருடமாக நான் நின்று காப்பி குடித்த அதே பளிங்குப் பலகையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு அவன் பதில் சொல்வதைக் கேட்டேன். இரண்டு பதில்கள் தவறு. ஒரு வாரத்துக்குள் மதுப்போத்தல்களுக்கு நடுவில் எங்கள் நாட்டுக் கொடி ஒன்று முளைத்தது. அவனை அடையாளம் காட்டும்போது தோத்தோ பெயரைச் சொல்வதில்லை. “நம்முடைய தென்னாப்பிரிக்கன்” என்பார். என்னைக் காட்டியும் சொல்வார், “இவர் மேல்மாடி ஸ்ரீலங்கா.”

இதைப் பொறாமை என்று சொல்ல எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. அதுவரை அதற்கு எரிச்சல் என்று பெயர் வைத்திருந்தேன். பத்திரிகையில் இருந்தவர்களுக்கு இது பழக்கம். சரியான சொல் தெரிந்தும் மென்மையான சொல்லைத் தலைப்பில் போடுவோம். ஆனால் அவன் சாருஜாவின் பயிற்சியாளன் ஆனபோது அந்த மென்மையான சொல் போதவில்லை. ஒரேத்தோ ஆற்றங்கரைப் பக்கம் புல்லும் புழுதியும் சரிபாதியாக இருக்கும் ஒரு மைதானத்தில் சிறுவர் சிறுமியருக்கு ரக்பி சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். அவன் சம்மதித்தான். அவள் பள்ளித் தோழிகளோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். முதல் மாலை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து நடந்தபோது சந்தியில் விளக்கு சிவப்பாகியது. டியோன், ரோபோ மாறட்டும் என்று சொல்லி அவளைக் கையால் மறித்தான்.

சாருஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, கோச்சும் ரோபோ எண்டுதான் சொல்றார். நீங்கள் பிழையாச் சொல்றியள் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்!”

நான் சொன்னவரை அது ஒரு பிழை. அவன் சொன்னதும் அது ஒரு நாடு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் போய்விட்டு அவள் எதையாவது கொண்டுவந்தாள். இடைவேளையில் தின்பதற்கு மண்டரீனோ கொண்டுபோக வேண்டும், ஆனால் கோச் அதை ‘நார்ச்சி’ என்கிறார் என்றாள். எங்கள் நாட்டில் கமலா ஆரஞ்சுக்குப் பெயர் அதுதான். தமிழின் நாரத்தையிலிருந்து போன சொல் என்று அகராதிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்; பத்திரிகை மேசையில் அதை நானே ஒரு முறை சரிபார்த்திருக்கிறேன். இத்தனை வருடமாக அவளுக்கு உரித்துக் கொடுத்தவன் நான். உரித்தபோதெல்லாம் தெருவில் எல்லோரும் சொல்கிற மாதிரி மண்டரீனோ என்றுதான் சொன்னேன். நம் வீட்டுச் சொல் ஒன்று கப்பலேறிப் போய், வழியில் தோல் மாறி, பாய் தைக்கிற ஒருவனுடைய வாயால் என் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவள் அவனுக்கு நன்றி சொல்கிறாள்.

பிறகு எங்கள் நாட்டுப்பண் வந்தது. அவள் குளியலறையில் அதைப் பாடினாள். வெளியே வந்து, இதை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று கேட்டாள். அடுத்து, பிறந்தநாளுக்கு எங்கள் நாட்டு ரக்பி அணியின் பச்சைச் சட்டை வேண்டும் என்றாள், மார்பில் மான் தாவும் சட்டை. எங்கும் கிடைக்காது என்றேன். டியோன் ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தான்.

அன்றைக்கு வசந்தி என்னிடம் பேசினாள். சிஞ்ஞோரா வீட்டிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினாள். “இஞ்சை பாருங்கோ, அவன் ஒரு பெடியன். அவனோட போய்ப் போட்டி போடுறியள். நான் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தைக் குடுக்கேல்ல, நீங்கள் டர்பனைக் குடுக்கேல்ல. ரெண்டு பேரும் பெட்டியைப் பூட்டி வச்சிருக்கிறம். பிள்ளை கிடைக்கிற இடத்தில வாங்குது. அவளில என்ன பிழை?”

அவளில் பிழை இல்லை. ஆனால் என் பெட்டியில் இருந்ததை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் அப்பா துணி ஆலையில் வெட்டுப் பகுதியில் வேலை செய்தார். வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். வெளிநாட்டு அணி வந்து எங்கள் ஊரில் ஆடினால் மட்டும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு என்னை ரக்பி மைதானத்துக்குக் கூட்டிப்போவார். எங்கள் நிறத்தவருக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் ஒரு மூலை. கூரை கிடையாது, சுற்றிக் கம்பிவலை. பச்சைச் சட்டையில் எங்கள் நிறத்தில் யாரும் இல்லை, சட்டப்படி இருக்கவும் முடியாது. ஆகவே அந்த மூலை முழுவதும் எழுந்து நின்று வந்த அணிக்காகக் கத்தும். எங்கள் நாட்டில், எங்கள் ஊர் மைதானத்தில் நின்றுகொண்டு, எங்கள் நாடு தோற்க வேண்டும் என்று கத்தினோம். வெள்ளையர் பக்கத்திலிருந்து வலைக்கு மேலாக நார்ச்சிகள் பறந்து வரும். தோலோடு வருபவை வலிக்கும். வந்த அணியின் ஆட்டக்காரர் ஒருவர் ஒரு முறை எங்கள் மூலையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அப்பா அதை அடுத்த மழைக்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நிறவெறி ஆட்சி போய் எல்லாம் மாறியது. எல்லா நிறத்தவரும் அந்தச் சட்டைக்குள் வந்தார்கள். அணி வென்ற மறுநாட்களில் ‘நாம் வென்றோம்’ என்று முதல் பக்கத்தில் தலைப்பு அடுக்கியவன் நான். ஆனால் அது தொழில். மேசையில் ‘நாம்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, மற்ற அணி எப்படி ஆடியது என்று பார்ப்பேன். இதை ஒரு பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? உன் நாடு இது, இது தோற்க வேண்டும் என்று கத்து, என்றா?

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் இத்தாலிக்கும் எங்களுக்கும் ஆட்டம். தோத்தோ நாற்காலிகளைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். சாருஜா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கும் டியோனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை மண்டரீனோ. அப்பா, நீங்கள் யாருக்கு என்று போகிற வழியிலேயே கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் நாட்டுப்பண் பல மொழிகளில் ஆனது. முதல் பாதி, தடைசெய்யப்பட்ட கூட்டங்களில் நாங்கள் முஷ்டியை உயர்த்திப் பாடிய பிரார்த்தனை. அதன் பின் ஆஃப்ரிகான்ஸில் வருவது, எங்களைக் கம்பிவலைக்குள் நிறுத்தியவர்களின் பழைய பாட்டு. மூன்று பேரும் எழுந்து நின்றோம். முதல் பாதியை நான் பாடினேன். டியோன் உதட்டை மட்டும் அசைத்தான்; அவனுக்கு வார்த்தைகள் தெரியவில்லை என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன், மகிழ்ந்தும் கொண்டேன். பழைய பாட்டு வந்ததும் அவனுடைய நெஞ்சு நிமிர்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். சாருஜா ஒரு வரிகூட விடாமல் முழுவதையும் பாடினாள், கைப்பேசியில் கேட்டுக் கேட்டுப் படித்த சிசிலி உச்சரிப்பில். அவளுக்கு நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்ததே தவிர, நிறுத்த வேண்டிய இடம் இருக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் டியோன்மேல் இருந்த பொறாமை அந்தக் கணம் என் மகள்மேல் திரும்பியது. அந்தச் சட்டைக்குள் அவள் கையை நுழைத்த சுலபம் எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

எங்கள் அணி முந்தியது. ஒவ்வொரு புள்ளிக்கும் சாருஜாவும் டியோனும் கையோடு கை தட்டிக்கொண்டார்கள். நான் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குச் சற்று முன் இத்தாலியின் நீலச் சட்டைக்காரன் ஒருவன் ஓரக் கோட்டை ஒட்டி ஓடினான். இரண்டு பேரை ஏமாற்றினான். மூன்றாமவன் காலைப் பிடித்தும் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை நிலத்தில் அழுத்தினான். கடை இரைந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வலது கை தலைக்கு மேலே, அதில் பாதி உரித்த மண்டரீனோ. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்னுடையதல்ல, அப்பாவுடையது.

தோத்தோ பலகையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கடைசியில் ஓர் இத்தாலியன் கிடைத்துவிட்டான் என்று கடை முழுவதற்கும் அறிவித்தார். இன்றைக்கு என் காப்பிக்குக் காசு வாங்கமாட்டாராம். என் வாழ்க்கையில் நான் ஒரு தென்னாப்பிரிக்கனாகச் செய்த மிகச் சுத்தமான காரியம் அதுதான் என்பதை அவருக்கு விளக்க என் இத்தாலிய மொழி போதாது.

விளங்கிக்கொண்டவன் ஒருவன் இருந்தான். டியோன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கவில்லை. “கம்பிவலைப் பக்கமா, ஊம்?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். ஊம் என்றால் அவர்களுடைய மொழியில் மாமா. வயதில் மூத்த தங்கள் ஆட்களை அப்படித்தான் அழைப்பார்கள். என் அப்பாவை அவர்களில் யாரும் அப்படி அழைத்துக் கேட்டதில்லை. அவனுடைய அப்பா அந்த மூலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். மைதானத்திலேயே பெரிய சத்தம் அங்கிருந்துதான் வருமாம். தலையசைத்தேன். என்னை விளங்கிக்கொண்டது அவனாக இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

“என்ன கம்பி?” என்றாள் சாருஜா. ஆங்கிலம் அவளுக்கு விளங்கும். அவள் கேட்டது அவனிடம். அந்த வருடம் எல்லாவற்றையும் அவனிடம்தான் கேட்டாள். டியோன் வாயைத் திறந்தான். பிறகு தன் காலணியில்லாத கால்களைப் பார்த்தான்.

“அதை உன் அப்பாவிடம் கேள்” என்றான். “அது எனக்குத் தெரியாது.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பச்சைச் சட்டை, மார்பில் மான், விரல்களில் பழச்சாறு. திரையில் நீலச் சட்டைக்காரர்கள் இன்னும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். என் கை இன்னும் மேலேதான் இருந்தது.

“சொல்லுங்கோ அப்பா” என்றாள். கழுத்தை ஒருபுறம் சாய்த்து என்னைத் தாண்டித் திரையைப் பார்த்தாள். “ஆனா முதல் இருங்கோ. எனக்கு மறைக்குது.”