ஐஸ் மிசினுக்கு எழுதிய ஈடு

வந்திறங்கிய ஐஸ் மிசினின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அண்ணை, இதை ஒற்றிக்குக் கேக்கிறியளோ?" என்று சம்மாட்டியார் வினவிய காலைப்பொழுதை நான் மறந்தேனல்லேன். பல வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் உரிமையாளராதலால் ஊர்காவற்றுறையில் எல்லோரும் அவரைச் சம்மாட்டியார் என்றே அழைப்பர். தென்னிலங்கையில் நடத்திய கடையை விற்றுவிட்டு என் ஊரான சரவணைக்குத் திரும்பிய நான் அவரோடு சேர்ந்து, மீனவர்க்கு ஐஸ் விற்கும் கம்பனியொன்றைப் பதிவு செய்திருந்தேன். பணிப்பாளர்கள் நாமிருவர் மட்டுமே.

மிசின் விற்றவருக்குக் கட்டவேண்டிய மீதியில் பெரும்பகுதியை நான் போடுவதென்று ஏற்பாடு. எனக்கும் மனைவிக்கும் முதுமைக்கென்று இருந்ததும் அப்பணமே. அதைப் பங்காகப் போட்டால், கம்பனி நொடிக்கும் காலத்தில் கடன்காரர் எல்லோரும் எடுத்த மிச்சமே என் கைக்கு வரும் என்று யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி அம்மையார் எச்சரித்திருந்தார். கம்பனிக்குக் கடனாகக் கொடுத்து, மிசினை அதற்கு ஈடாக எழுதிப் பதிந்தால், அதை விற்கும் பணத்தில் முதலுரிமை எனக்கு. தொழில் தளர்ந்தபின் எழுதும் ஈடு செல்லாமற் போகவும் கூடுமாம்.

சம்மாட்டியார் அறிந்ததோ ஒற்றி ஒன்றே. எங்கள் பகுதியில் காணியை ஒற்றிக்கு எடுத்தவர், கடன் தீரும்வரை அதன் விளைச்சலைத் தாமே அனுபவிப்பார். அதுவே அவருக்கு வட்டி. எனவே, மிசினில் உறையும் ஐஸ் முழுவதும் எனக்கே போய்விடும் என்று அவர் ஐயுற்றார். ஒரு கிழமை கோயிற் பெருநாள் என்றார், மறு கிழமை கடல் கொந்தளிப்பு என்றார், கையொப்பமிட வரவில்லை. எழுத்தில்லாமலே என் பணம் முதலில் இறங்கட்டும் என்று காத்திருக்கிறாரோ என நான் ஐயுற்றேன்.

இறுதியில் இருவரும் சட்டத்தரணியின் முன் அமர்ந்தோம். "ஒற்றி இல்லை, ஐயா. மிசினும் கம்பனிக்கு, ஐஸ் வித்த காசும் கம்பனிக்கு. கம்பனி படுத்தால் மட்டும்தான் இவருக்கு முதலிடம்" என்றார் அம்மையார்.

"அப்ப, படுக்குமெண்டு இவருக்கு இப்பவே தெரியுமோ?"

"சம்மாட்டியார், நீர் காப்பு மிதவை கொண்டு போறது வள்ளம் தாழுமெண்டு தெரிஞ்சோ?" என்று நான் கேட்டேன்.

சம்மாட்டியார் தம் கதிரையை அம்மையார் பக்கம் இழுத்தார். பின்பு, "அப்ப என்ர காசுக்கும் எழுதுங்கோ, அம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே வரிசை. இவரை முன்னாலை விட ஏலாது" என்றார். அவ்வாறே எழுதப்பட்டது.

சில ஆண்டுகளில், பட்டினத்திலிருந்து மலிவான ஐஸ் லொறியில் வரத்தொடங்கியது. எங்கள் கம்பனி படுத்தது; மிசின் விலைப்பட்டது; போட்ட பணத்தின் பெரும்பகுதி எங்களிருவர்க்கும் மீண்டது. வாங்கியவன் சம்மாட்டியாரின் உறவினனோ என்று அப்போதும் இரகசியமாக விசாரித்தேன். அல்லன்.

சென்ற வாரம் அவர் என் வீட்டிற்கு வந்தார். "நண்டு வாங்கி அனுப்பிற கம்பனி ஒண்டு துடங்குவம், அண்ணை. முதல் ஈட்டை எழுதுவம், தேத்தண்ணி பிறகு" என்றார். அன்று எழுதத் தயங்கியவர் இன்று எழுத இத்துணை அவசரப்படுவானேன்? "ஓம், எழுதுவம்" என்று கூறி அனுப்பிவிட்டு, மறுநாள் அவரறியாமல் சட்டத்தரணியிடம் சென்றேன்.

வாசற் கதிரையில் சம்மாட்டியார் அமர்ந்திருந்தார். சற்று நகர்ந்து எனக்கு இடம்விட்டு, "இருங்கோ அண்ணை. நீங்கள் வருவியளெண்டுதான் வெள்ளென வந்தனான்" என்றார்.