“சாமி கோயில்ல இருக்குதுங்க”

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது திறந்து கிடந்த பின்கதவு. மழைத்தண்ணீர் படி தாண்டி உள்ளே வந்திருந்தது. இரண்டு பாய்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாயில் போர்வை மட்டும் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

மலருக்கு ஏழு வயது. அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. மிளகு மூட்டை ஏற்றிய வண்டி கொண்டை ஊசி வளைவில் உருண்டதில் அம்மா இறந்துபோனார். குழந்தைகள் நலக் குழு அவளை எங்களிடம் அனுப்பியது. கொல்லிமலையில் நானும் என் மனைவி எஸ்தரும் இல்லம் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த நாளிலிருந்து மலர் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாள் மாலை உடம்பு லேசாகச் சுட்டது. எஸ்தர் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தாள். அப்போதுதான் மலர் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“எங்கம்மா எங்க?”

“சாமிகிட்ட இருக்காங்க, கண்ணு” என்றாள் எஸ்தர்.

மலர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினாள். பிள்ளை பேசிவிட்டாள் என்று நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுத்தோம்.

அந்த மலையில் எங்களுக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. வேதக்காரர்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. முந்தின வாரம் கடை வாசலில் வைத்தே பெரியசாமி சொன்னார். அவர் மலரின் ஊர்க்காரர், மரவள்ளி போடுகிறவர்.

“எங்களுக்குச் சாமி இருக்குதுங்க. கீழருந்து நீங்க ஒண்ணும் சொமந்துட்டு வர வேண்டியதில்லீங்க.”

பக்கத்தில் நின்றவர், “அத்தன வளைவு ஏறி வர்றதுக்குள்ள இவுரு சாமிக்கு வாந்தி வந்துரும்” என்றார். கடையே சிரித்தது.

இரண்டு நாளாக அடைமழை. செல்போனில் சிக்னல் இல்லை. எஸ்தர் அக்கம்பக்கத்தில் தேட ஓடினாள். நான் மலரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். பனிமூட்டத்தில் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. வழுக்கி விழுந்தேன். விழுந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். நீண்ட ஜெபம் எதுவும் வரவில்லை. “ஆண்டவரே, அவள் எங்கே இருக்கிறாள்? யார் வாயாலாவது சொல்லும்.” அவ்வளவுதான்.

எழுந்திருப்பதற்குள் மேலே இருந்து குரல் வந்தது. பெரியசாமி. ஆள் தெரியவில்லை.

“ஏனுங்க! சாமி எங்க கோயில்ல இருக்குதுங்க!”

பிள்ளையைத் தொலைத்துவிட்டுச் சேற்றில் நிற்கிறவனிடம் இந்த நேரத்திலுமா என்று நினைத்தேன். “தெரியும்ங்க!” என்று கத்திவிட்டுத் திரும்பினேன். ஓடைப் பக்கம் இறங்கினேன். ஓடை கலங்கிப் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் முழுவதும் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் எல்லாம் சொன்னேன். பெரியசாமியின் ஏளனத்தையும் சொன்னேன்.

“ஏனுங்க, அவரு சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னேன்.

எஸ்தர் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்தவள். நான் தூத்துக்குடிப் பக்கம். அவள் முகம் மாறியது.

“சாமின்னா கொழந்தைங்க! இங்கெல்லாம் புள்ளைகள அப்படித்தான் கூப்புடுவாங்க. ஓடுங்க!”

சமையலுக்கு வரும் அம்மாவிடம் மற்ற இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடினோம். பாதி வழியில் எஸ்தர் நின்றாள். “நேத்து ராத்திரி நான் அவகிட்ட…” என்றாள். முடிக்கவில்லை. மறுபடி ஓடினாள்.

ஓடு வேய்ந்த சிறிய கோயில். உள்ளே சாமிக்கல்லுக்குப் பக்கத்தில் மலர் படுத்திருந்தாள். பெரியசாமியின் மனைவி தன் சேலையைச் சுற்றி, அவளை மடியில் வைத்திருந்தார். தலை கொதித்தது. கழுத்து விறைத்திருந்தது.

“அம்மா சாமிகிட்ட இருக்குதுன்னாங்களாம். அதான் வந்தேன்னுச்சுங்க. அதுக்கப்பறம் பேச்சு இல்லீங்க” என்றார் அந்த அம்மா.

பெரியசாமி என்னைப் பார்த்தார். “தெரியும்னுட்டுப் போனீங்களே. வண்டி கூட்டியாரப் போறீங்கன்னு இருந்தமுங்க.”

ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒருவர் செம்மேட்டுக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் மண்சரிவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, பெரியசாமியும் ஊர்க்காரர்களும் மலரைச் சுமந்தார்கள். கடையில் சிரித்தவரும் தோள் கொடுத்தார். முழங்கால் வரை சேறு. “ஆச்சு சாமி, ஆச்சு சாமி” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். யாரைக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

கீழே ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. மலர் இறந்தால் இல்லத்தை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. பெரியசாமி வராந்தாவை விட்டு நகரவில்லை.

“உங்க சாமிகிட்ட நீங்க கேளுங்க. எங்க சாமிகிட்ட நாங்க கேக்கறம். ஆரு காதுல உழுவுதோ உழுவட்டும்” என்றார்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மத்தியானம் நர்ஸ் வந்து எஸ்தரைக் கூப்பிட்டார். மலர் கண் விழித்து, தண்ணீர் கேட்டிருந்தாள்.

என்னோடு விசுவாசிக்கிறவர்களே, நான் கேட்டது ஒரே ஒரு வரி. நான் எழுந்து நிற்பதற்குள் ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார். அது பதில் என்று எனக்குத்தான் தெரியவில்லை. எனக்குப் பிடிக்காத மனிதரின் வாயில், எனக்குப் பழகாத பேச்சில் வந்தது. இன்று யாரோ ஒரு பிள்ளைக்காக, யாரோ ஒரு நோயாளிக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தொடர்ந்து கேளுங்கள். அவர் மௌனமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் யாராவது ஏதாவது சொன்னால், திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இல்லத்தை மூடவில்லை. இப்போது பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியசாமி எங்கள் ஜெபத்துக்கு வருவதில்லை. மரவள்ளி பிடுங்கும் நாட்களில் ஒரு கூடை கொண்டுவந்து இறக்கிவிட்டு, மலரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போவார்.

சாமி என்று கூப்பிட்டால் மலர் திரும்பிப் பார்ப்பாள். வலது பக்கத்தில் நின்று கூப்பிட வேண்டும். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இடது காது கேட்காது.