வாஷர் மாட்டிய பாய்

போன வெள்ளிக்கிழமை லப்பைக்குடிக்காட்டில் ஒரு சினிமாவைக் கெடுத்துவிட்டு வந்தேன். தியேட்டரில் இல்லை... என் கல்லூரித் தோழி ஷமீமின் வீட்டு ஹாலில்.

ஷமீமின் கணவர் கபீர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். ஜும்மா முடித்து, சாப்பிட்டு, ரூமுக்கு வந்ததும் வீடியோ கால் போடுவார். இங்கே அப்போது மணி நாலு. சீனி டப்பா மேல் சாய்த்து வைத்த போனில் அவர் முகம், எதிரே டி.வி. அவர் ரூமிலும் அதே படம். இருவரும் சேர்ந்து பிஸ்மி சொல்லி, ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இவர்கள் சேர்ந்து பார்த்த படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

என்னதான் சேர்ந்து அழுத்தினாலும், அவருடைய படம் நாலு செகண்ட் பின்னால்தான் ஓடும். அதனால் காமெடி வந்தால் ஷமீம் வாயைப் பொத்திக்கொள்வாள். போனில் அவர் சிரித்த பிறகுதான் இவள் சிரிப்பாள். எனக்கு இந்தச் சட்டம் தெரியுமா? முதல் ஜோக்குக்கே கெக்கெக்கே என்று சிரித்துத் தொலைத்தேன். ஷமீம் முறைத்தாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. படத்தில் தொப்பி போட்டவர் யாராவது வந்தால் நிறுத்திவிட்டுப் பந்தயம் — குண்டா, தியாகமா? அதாவது, இந்த பாய் குண்டு வைப்பாரா, ஹீரோவுக்காக உயிரை விடுவாரா? தோற்றவர் பத்து நிமிடம் பேசக் கூடாது. இதுவரை இருவருமே அந்தத் தண்டனையை அனுபவித்ததில்லை. நிதானமாகப் பேச வாரத்துக்கு ஒரு நாள்... அதை யார் விடுவார்கள்?

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷமீம் என்னையும் விடவில்லை. எப்போதோ நான் எழுதிய ஒரு கதையை இழுத்தாள்.

"ஒன் கதையில வந்த பாயும் ஊருக்கெல்லாம் பிரியாணி கொடுத்தாரு, ரத்தம் கொடுத்தாரு, செத்துப் போயிட்டாரு."

நல்லவராகத்தானே காட்டினேன் என்று சமாளித்துப் பார்த்தேன்.

"நல்லவருதான். ஒரு நாளாச்சும் அவர வூட்ல ஒக்கார வச்சியா?"

அசடு வழிந்தேன். வேறென்ன செய்ய?

அவள் கேட்டதன் கனம் எனக்குத் தெரியும். கபீர் இந்த ரமலானுக்கு வருவதாக இருந்தார். லீவு தள்ளிப்போனது. பக்ரீத்துக்கு என்றார்கள். அதுவும் போனது. அவர் ஊருக்கு வந்து போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அன்றைய படத்திலும் ஒரு பாய் வந்தார். ஷமீம் தியாகம் என்றாள். கபீர் குண்டு என்றார். அந்த பாய் நேராக வீட்டுக்குப் போனார். பைப் ஒழுகுவதாக மனைவி திட்டினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பானரைத் தேடி, முனகிக்கொண்டே வாஷரை மாட்டினார். டீ குடித்தார். அவ்வளவுதான். கதை அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டது. யாரும் சாகவில்லை.

பந்தயத்தில் இருவருமே ஜெயிக்கவில்லை... இருவரும் பேசவும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கபீர் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஷமீம், கொஞ்சம் பின்னால தள்ளு. பைப் மாட்டுற எடத்துக்கு."

மறுபடி பிஸ்மி. மறுபடி பட்டன். அந்த இடத்தை மூன்று முறை பார்த்தார்கள். ஒருவரைக் கெட்டவராகக் காட்டினால் கோபமாவது வருகிறது. நல்லவராகக் காட்டிச் சாகடித்தால் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம். இரண்டிலும் அவரை வீட்டுக்கு அனுப்ப நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லையே!

"நம்ம வூட்டு பைப்பு இன்னும் ஒழுகுதா?" என்றார் கபீர்.

"ஒழுகுது மச்சான்."

"ஆளு யாரையும் கூப்பிடாத. நான் வந்து மாட்டுறேன், இன்ஷா அல்லாஹ்."

ஷமீம் தலையை மட்டும் ஆட்டினாள்.

கிளம்பும் முன் கை கழுவப் பின்பக்கம் போனேன். பைப்புக்கு அடியில் வாளி வைத்திருந்தாள். மேலே ஜன்னல் கட்டையில் புது வாஷர், பாக்கெட் பிரிக்காமல். இது எப்போது வாங்கியது என்று கேட்டேன்.

"ரமலானுக்கு வாங்குனது" என்றாள்.