ஒரா மீனின் குடல்

சாய்ந்தமருதில் மீன் வெட்டிக் கருவாடு போட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் கமீலா. புருஷன் கடலில் மூழ்கி மவுத்தான பிறகு, தம்பி மஜீட் பிடித்துவரும் மீன்தான் அவளுக்குத் தொழில்.

கடலில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. முருகைக்கற்கள் என்னும் பவளப்பாறைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மீனின் வயிறு சொன்னதுதான். ஒரா மீனைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். முயலின் வாயைப் போலச் சின்ன வாய். முதுகு முள் குத்தினால் அரைநாள் கடுக்கும். குடலை இழுத்தால் சுருள் சுருளாக வந்துகொண்டேயிருக்கும்; உள்ளே இறாலோ புழுவோ இராது, பச்சைப் பாசி மட்டும்.

"மாடு புல்லு திங்கிற மாதிரி இது கல்லை மேயுது" என்பாள் மகள் ஹப்ஸாவிடம்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் மஜீட் கொண்டுவந்த ஒராக்களின் தோலில் வலைக்கீறல் இல்லை. வெட்டினால் குடல் கிழிந்து, பாசியும் இரத்தமும் கலந்து கிடந்தது. நடுமுள் ஒடிந்திருந்தது.

"மஜீட், இது வலையில பட்ட மீனில்ல. கல்லுல வெடி போட்டிரிக்காய்."

"எல்லாரும் போடுறாங்க றாத்தா. நான் மட்டும் வலையோட இரிந்தா புள்ளைகள் என்னத்தத் திங்கிற?"

"மேயுற மீனையெல்லாம் சாகடிச்சா பாசி கல்லை மூடிரும். பிறகு அங்க எந்த மீன் வரும்?"

அவன் சிரித்தான். "கடல்ல கால் நனைக்காதவ எனக்குக் கடல் சொல்லித்தாறா!"

அன்றோடு அவனுடைய மீனை வெட்டமாட்டேன் என்றாள். அவன் வேறு வீட்டுக்குக் கொடுத்தான். கமீலாவின் பிள்ளைகள் பல நாள் கஞ்சியோடு படுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மஜீட் தானாகவே வந்தான்.

"கல்லெல்லாம் நொறுங்கிப் பாசி மூடிக் கிடக்குது றாத்தா. ஒரா ஒண்டுமில்ல."

"இனியாவது விடு தம்பி."

"ஓம்" என்றான். விடவில்லை. கிட்டவிருந்த கற்களில் மீன் இல்லாததால் தெற்கே தூரப் போனான். அங்கே ஒரு வெடி கையிலேயே வெடித்தது. நான்காம் நாள் மவுத்தானான்.

மையித்தை அடக்கம் செய்ய எடுத்துப் போன பிறகு அவன் மனைவி சுல்பிகா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "நீங்க அவருக்குச் சொன்ன சொல்லுதான் சாபமாப் பலிச்சிரிக்கி."

தான் சொன்னது சரியாகப் போனதற்காகக் கமீலா தன்னையே நொந்துகொண்டாள்.

சுல்பிகா புருஷனுக்காக இத்தா இருந்து வீட்டை விட்டு வெளியே வராத நாலு மாதம் பத்து நாளும் கமீலா மருதமுனைக்குப் போய், நெசவுக்காரர் வீடுகளில் நூல் சுற்றி, இரண்டு வீட்டுக்கும் சோறாக்கினாள். சுல்பிகா அந்தச் சோற்றைத் தின்றாள். கமீலாவோடு மட்டும் கதைக்கவில்லை.