நோ என்று எழுதியும் அடித்த மணி

அந்தக் கணினியின் ‘பீப்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கும் என் தோழிக்கும் அடுத்தடுத்த மேசை. நாங்கள் எழுதும் நிரல்களையெல்லாம் சேர்த்துக் கட்டித் தர ‘மேக் ஃபைல்’ என்றொரு கோப்பு உண்டு. அதற்குள் அவள் கள்ளத்தனமாக ‘மணி’ என்றொரு மாறியை நுழைத்து, ‘யெஸ்’ என்று மதிப்பும் கொடுத்திருந்தாள். மாலையில் கட்டி முடித்ததும் கணினி கத்தும். உடனே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். அவள் வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். ஃபெரி துறை வரை நானும் கூடப் போவேன். என் வீடு அந்தப் பக்கமே இல்லை, அது வேறு கதை.

சத்தம் பிடிக்காமல் மேற்பார்வையாளர் முறைத்தார். ‘மணி’க்கு நேரே ‘நோ’ என்று மாற்றினேன். அன்று மாலையும் கத்தித் தொலைத்தது! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீ என்ன எழுதினேன்னு அது பார்க்காது லா. ஏதாச்சும் எழுதியிருக்கான்னுதான் பார்க்கும். நீ நோன்னாலும் அதுக்கு யெஸ்தான். வேணாம்னா துடைச்சிட்டு காலியா விடணும்.”

காலியாக விட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

பிறகு அவளுக்குத் தெற்கே தூரத்து ஜோகூரில் மாப்பிள்ளை அமைந்தது. வேலையை விட்ட அன்று, துறையில் நின்று கேட்டாள்: “நான் போயிட்டா அழுவியா?”

“இல்ல. எதுக்கு அழணும்?” என்றேன் வீராப்பாக. போகாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். ஃபெரி வந்தது, ஆட்கள் ஏறினார்கள், அவள் நகரவில்லை. “அடுத்ததுல போறேன் லா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததையும் விட்டாள்.

அதன் பிறகும் மாலையில் அந்த மணி கத்தும்போதெல்லாம் பையோடு எழுந்து நின்று, காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாவி, எங்கே இருக்கிறாளோ. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

நிரல் கட்ட இப்போது வந்திருக்கும் மொழிகள் சில கெட்டிக்காரத்தனமானவை. நோ, ஆஃப், பூஜ்யம் எல்லாமே அவற்றுக்கு ‘இல்லை’ என்ற மாறிலிகள்தாம். மாறிக்குள் அவற்றில் ஒன்று இருந்தால் நிபந்தனை செல்லாது, அந்த வேலை நடக்காது. போன வாரம் ஆசைக்கு அதே ‘மணி’ வரியை எழுதி, ‘நோ’ கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். கணினி வாயைத் திறக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா, அழறீங்களா?” என்றாள் வாசலில் வந்து நின்ற மகள்.

“இல்ல,” என்றேன். அவளும் சரியென்று போய்விட்டாள்.