கையோடு வந்த கம்பி

ஸ்டெல்லா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் நான்.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்... பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கடையில் புழுங்கலரிசி கேட்டு, பச்சரிசி கட்டிக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வருகிறவள். அப்படிப்பட்டவளுக்கு அவ்வளவு பெரிய பொய் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. கீழே நான் மட்டும். மேல் போர்ஷனில் ஸ்டெல்லாவும், ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் ஆரோக்கியமும் வாடகைக்கு இருக்கிறார்கள். என் கணவர் காலமான பிறகு எனக்கென்று மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். மாடிப்படி வெளிப்பக்கம், தெருவோரமாக ஏறும். அதற்கு ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பி. அந்தக் கம்பியின் கால் ஒன்று, நான்காவது படியில் ஊன்றியிருப்பது, ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும்... ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தெரியும்!

ஏன் ஆடியது என்பதும் தெரியும். எதிர்வீட்டு நாகரத்தினம் அண்ணன் பட்டு நெய்கிறவர். காலையில் தெருவில் பாவு நீட்டுவார். சேலையின் நீள இழைகளையெல்லாம் தெருவோடு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பது. இழுத்துக் கட்டும் கயிற்றின் ஒரு முனை எப்போதும் என் படிக்கட்டுக் கம்பியில்தான் இருக்கும். என் கணவர் இருந்த காலத்திலிருந்தே அப்படி. நெசவாளியான அவரும் தம் பாவுக் கயிற்றை அங்கேதான் கட்டினார். இத்தனை வருஷ இழுப்பில் கால் தளராமல் என்ன செய்யும்?

"உன் வூட்டுக் கம்பி இருக்கச்சொல்ல எனக்குத் தனியா கம்பம் எதுக்கு தங்கச்சி? கயித்துக்கும் வாடகை கேட்டுடாதம்மா!" என்று அண்ணன் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இனிமேல் கட்டாதீர்கள் என்ற சொல் பல்வரை வந்து திரும்பிப் போகும்.

ஸ்டெல்லா இரண்டு முறை சொன்னாள்.

முதல் முறை, "அக்கா, நாலாவது படிக் கம்பி ஆடுது. ஆளக் கூப்ட்டு ஒரு பிடி சிமென்ட் வெக்கச் சொல்லுங்க."

இரண்டாம் முறை, சிரித்துக்கொண்டே, "இன்னாக்கா, நான் வுழுந்தாதான் வெப்பீங்களா?"

"சொல்றேம்மா" என்றேன். இரண்டு முறையும் அதே பதில்.

பயமில்லாமல் இருந்தேன் என்று எண்ணாதீர்கள். பயத்தைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது! என் தம்பி ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான்: "மேல குடி வெச்சிக்கினு இருக்கியேக்கா, எவனுக்காவது எதனா ஆச்சுன்னா வீட்டுக்காரிதான் பொறுப்பு. ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய முடியுமா உன்னால? பின்தெருவுல சன்ஷேடு வுழுந்துச்சே, அந்தக் கேஸ் இன்னும் முடியல." அன்றிலிருந்து என் வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி மூடி, குளியலறைச் சுவிட்சு, பாசி பிடித்த மொட்டைமாடி... எல்லாம் என்னை ஜெயிலுக்கு அனுப்பக் காத்திருப்பதுபோலத் தோன்றின.

பயந்தவள் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? நான் பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்த்தேன்: 'சிறு பழுதுகளை வாடகைதாரரே சரிசெய்துகொள்ள வேண்டியது.' ஸ்டெல்லா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். கம்பியைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். நான் காகிதத்தைச் சரிசெய்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன்!

ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா இடது கையில் பக்கெட்டோடு இறங்கி வந்தாள். கால் கொஞ்சம் தடுமாறியது. வலது கையால் கம்பியைப் பிடித்தாள். கம்பிக்கால் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவள் கையோடு வெளிப்பக்கம் சாய்ந்தது. கீழே துவைக்கிற கல்மேல் பக்கவாட்டில் விழுந்தாள். அவள் கை விட்டதும் கம்பி தானாகத் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் தன் இடத்தில் நின்றுகொண்டது.

அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

தெருவே ஓடி வந்தது. நெற்றியில் ரத்தம், மணிக்கட்டு ஒருபக்கம் திரும்பியிருந்தது. ஆரோக்கியம் தன் ஆட்டோவிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். "நீங்க போங்க, வீட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன். எவ்வளவு நல்ல மனசு என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்...

வீட்டை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? கடைக்குப் போய், தொட்டியில் விரிசல் என்று சொல்லி, ஒரு பையில் சிமென்ட் வாங்கி வந்தேன். பழைய தட்டில் குழைத்து, கம்பிக்காலை நிறுத்தி, என் கையாலேயே குழியை நிரப்பினேன். புதுச் சிமென்ட் பளிச்சென்று தெரிந்தது. எதிர்வீட்டில் பட்டுக்குச் சாயம் போட்ட பாத்திரத்தைக் கழுவி வெளியே ஊற்றியிருந்தார்கள். அந்தத் தண்ணீரையும் தெருமண்ணையும் அதன்மேல் தேய்த்தேன். பழசாகிவிட்டது. என் நகக்கண்களில் அரக்குநிறம் நான்கு நாள் போகவில்லை.

ஐந்தாம் நாள் ஸ்டெல்லா கையில் மாவுக்கட்டோடு வந்தாள். நான்காவது படியில் நின்றாள். இடது கையால் கம்பியை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இது என் கையோட வந்துதுங்க" என்றாள், கணவரிடம்.

"எங்க வந்துது? இரும்பாட்டம் நிக்குது! மண்டையில அடிபட்டுக்கினு கனா கண்டியா?" என்று ஆரோக்கியம் சிரித்தார். அவர் கம்பியைத் தொடாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவர். ஆடியது அவருக்குத் தெரியாது.

"இல்ல... அக்காவக் கேளுங்க. நான் முன்னாடியே ரெண்டு தரம் சொன்னேன். இல்லக்கா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு நிமிஷம்! இப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன். ஆமாம் என்ற ஒரு சொல்... அது மட்டும் போதும். எனக்கோ பீரோவும், ஸ்டேஷன் வாசலும், பூட்டிச் சீல் வைத்த என் வீடும் கண்முன் வந்தன. படியேறிப் போய்க் கம்பியைப் பிடித்து நன்றாக உலுக்கிக் காட்டினேன்.

"நீ சொன்னதா ஞாபகம் இல்லையேம்மா. கம்பி எப்பவும் இப்படிதான் இருக்குது."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்ப நான்தான் ஏதோ..." என்று பாதியிலே நிறுத்திவிட்டு மேலே போனாள்.

கை சேர்ந்துவிட்டது. கேளுங்கள், அதுதான் கொடுமை. தறியில் ஒரு பாவு முடிந்ததும், பழைய இழை நுனியோடு புதிய இழை நுனியை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஸ்டெல்லாவின் வேலை அதுதான். ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வாள்; ஒரு இழை தப்பாது. கட்டுப் பிரித்தபின் விரல்கள் பழையபடி ஓடின. அவளுக்குத்தான் அவற்றின்மேல் நம்பிக்கை இல்லை. இணைத்ததை இணைத்தோமா என்று மறுபடி தடவிப் பார்ப்பாள். பிரிப்பாள். திரும்ப முறுக்குவாள். ஒருநாள் வேலை மூன்று நாளானது. நாகரத்தினம் அண்ணன் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரும் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அண்ணன் இப்போது என் கம்பியில் கயிறு கட்டுவதில்லை. எதிர்த்த கரண்டுக் கம்பத்தில் கட்டுகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் கண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் மத்தியானம் படியேறினேன். நம்புங்கள்... வாயில் சொற்களை அடுக்கிக்கொண்டுதான் ஏறினேன். கதவருகே ஸ்டெல்லா நின்றிருந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்கக்கா! கேஸ் அடுப்ப மூடினேனான்னு வந்து பாருங்க. நாலு தரம் பாத்துட்டேன், மனசு ஒப்புல. அவுரு சொன்னா என்னைச் சமாதானம் பண்றதுக்காகச் சொல்றாருன்னு தோணுது. நீங்க சொன்னா நம்பிக்கையா இருக்குது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"மூடித்தான் இருக்குதும்மா" என்றேன். கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். கதவு பூட்டினேனாக்கா? மோட்டாரை நிறுத்தினேனாக்கா? மாத்திரை போட்டேனே, நீங்க பாத்தீங்க இல்ல? ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்கிறேன். உண்மையை மட்டுமே சொல்கிறேன். ஒவ்வொரு உண்மையும் அந்த ஒரு பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதுபோல இருக்கிறது... நான் எவ்வளவுக்கு உண்மை சொல்கிறேனோ, அவ்வளவுக்கு அவள் தன்னை நம்பாமல் போகிறாள்.

கேஸ் வரவில்லை. போலீஸ் வரவில்லை. வீடு என் பேரில் பத்திரமாக இருக்கிறது.

இன்று காலையும் இறங்கி வந்தாள். நான்காவது படியில் நின்றாள். கம்பியை அசைத்தாள். குழாயடியில் நான் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"கெட்டியாதான் இருக்குது, இல்லக்கா?"

"இருக்குதும்மா..."

சரி என்று தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.